பொதுமக்கள் மனப்பாங்கும் இடப்பெயர்வுக் கொள்கையும்: புத்தளக் கரையோரத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

அரச உத்தியோகத்தர், ஆசிரியர், தொண்டு நிறுவனப் பணியாளர் ஆகியோருக்கென நடத்தப்படும் குறுங்காலப் பயிற்சிநெறிகளில், 'பொதுமக்கள் மனப்பாங்கும் இடப்பெயர்வுக் கொள்கையும்' என்னும் பொருளும் இன்று இடம்பெறுகின்றது. ஓரிரு நாள்களுள் முடிந்துவிடும் இத்தகைய நெறிகளின் பாடப்பரப்பு பெரும்பாலும் ஒரே வகையினது. வெளியிலிருந்து வந்து குடியேறுவோர் பற்றி மக்கள் யாது நினைக்கின்றனர் என்பதை அளந்தறியும் முறை முதலிற் கற்பிக்கப்படும். அந்நினைப்பைத் தோற்றுவிக்கும் காரணிகள் அடுத்து எடுத்துரைக்கப்படும். அவற்றைக் கருத்திற்கொண்டு கொள்கை வகுக்கும் வழி இறுதியில் வரும். எடுத்துக்காட்டுகள் பெரிதும் ஐரோப்பாவிலிருந்து எடுக்கப்படும். 2002ஆம் ஆண்டு தொடங்கிய ஐரோப்பிய சமூக ஆய்வு அதன் முதற் சுற்றிலேயே குடிவரவு பற்றிய வினாக்களைச் சேர்த்துக்கொண்டமையால் இவ்வகைத் தரவுகளுக்கு அங்குக் குறைவில்லை.

இத்தரவுகளைக் கற்பதில் தவறில்லை. ஆயின் புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் 1990ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்துவந்துள்ளவற்றை விட்டுவிட்டு, இந்நாட்டில் இப்பொருளைக் கற்பிப்பது, வீட்டுக் கிணற்றை மூடிவைத்துவிட்டு அயலூரில் நீருக்கு அலைவதை ஒக்கும். வந்தோருக்கும் இருந்தோருக்கும் இடையிலான உறவு எவ்வாறு கனிவுடன் தொடங்கியது, எவ்வாறு திரிந்தது, அதில் அரசின் கொள்கைக்கு உள்ள பங்கு யாது என்பவற்றை அக்கரையோரம் தெளிவாகக் காட்டுகின்றது. மனப்பாங்கு கொள்கைக்கு முற்பட்ட இயற்கைப் பொருளன்று, கொள்கையினாற் பெரிதும் ஆக்கப்படுவது என்பதை அவ்வெடுத்துக்காட்டின்வழி விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. எண்ணக்கருக்கள்

முதற்கண் சில எண்ணக்கருக்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். மனப்பாங்கு என்பது ஒரு பொருளை அல்லது ஒரு மனிதக் குழுவை நோக்கி ஒருவரிடம் நிலைபெற்றுள்ள சார்பு அல்லது எதிர்ப்பு நிலையாகும். அந்நிலை ஒரு குறிப்பிட்ட வினாவுக்கு விடையாக வெளிப்படும்போது அதனைக் கருத்து என்கிறோம். கொள்கை என்பதோ, யாருக்கு எதனை எந்த அளவில், எந்தப் பெயரின் கீழ் வழங்குவது அல்லது மறுப்பது என்பது பற்றி அதிகாரமுடையோர் செய்யும் ஏற்பாடு. இம்மூன்றும் ஒன்றல்ல என்பதும், ஒன்றிலிருந்து மற்றொன்று நேரே பிறப்பதில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

வந்து குடியேறுவோர்மீது எதிர்ப்பு எழுவதேன் என்பதற்கு ஆய்வாளர் தரும் விளக்கங்களுள் இரண்டு முதன்மையானவை. தொழில், கூலி, நிலம், பொதுச் சேவைகள் ஆகியவற்றுக்கான போட்டியே காரணம் என்பது ஒன்று. மொழி, சமயம், வாழ்க்கைமுறை ஆகியவற்றின் வேறுபாடு உண்டாக்கும் அச்சமே காரணம் என்பது மற்றது. இவற்றோடு, பழக்கம் வெறுப்பைக் குறைக்குமா என்னும் வினாவும் உண்டு. அமெரிக்க உளவியலறிஞர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் வெளியிட்ட, முற்சாய்வின் இயல்பு பற்றிய நூலில் இதற்கு நிபந்தனையோடு கூடிய விடையளித்தார். இரு குழுவினரும் சமநிலையில் நின்று, பொது இலக்கு ஒன்றுக்காக, கூட்டுறவாக, அதிகாரத்தின் ஆதரவோடு பழகினாற் பகைமை குறையும் என்பது அவர் முடிபு. வெறும் அருகாமை போதாது என்பதே இதன் உட்பொருள்.

புத்தளம் இவ்விளக்கங்களுக்கு நல்லதோர் உரைகல். ஏனெனில் அங்கு வந்தோர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள். அவர்களை முதலில் ஏற்றுக்கொண்ட உள்ளூராருட் பெரும்பாலோரும் தமிழ்பேசும் முஸ்லிம்களே. மொழி வேறுபாடில்லை, சமய வேறுபாடில்லை, நாடும் ஒன்றே. பண்பாட்டு அச்சம் என்னும் விளக்கத்துக்கு அங்கு இடம் மிகக் குறைவு. அவ்வாறிருந்தும் உறவு திரிந்தது. இத்திரிபின் காரணத்தை வேறிடத்தில் தேடுதல் வேண்டும்.

2. பெயர்ச்சியால் ஆகிய கரையோரம்

புத்தளக் கரையோரம் மக்கட் பெயர்ச்சியை 1990இல் முதன்முறையாகக் கண்டதன்று. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபன் பதூதா, 'பத்தாலா' என்னும் பட்டினத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டதாகக் குறித்துள்ளார். அப்பட்டினத்தைப் புத்தளம் என ஆய்வாளர் கொள்வர். 'தமிழ் புளூட்டாக்' என்னும் தமிழ்ப் புலவர் வரலாற்று நூலை 1859இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, தமிழிலக்கிய வரலாற்று முயற்சிக்குக் கால்கோளிட்ட சைமன் காசிச்செட்டி (1807–1860) கற்பிட்டியிற் பிறந்தவர். வணிகத்தின் பொருட்டுத் தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய செட்டி மரபினர். உடப்பு மீனவர் தம் முன்னோர் இராமேசுவரப் பகுதியிலிருந்து வந்தனர் என்னும் மரபுக் கதையைப் பேணுவர். பருவக்காற்று மாறும்போது நீர்கொழும்பு, சிலாபக் கரைகளின் மீனவர் வடக்கு நோக்கிப் பெயர்ந்து வாடியமைத்துத் தொழில் செய்வதும் நெடுங்கால வழக்கம். இம்மாவட்டத்தின் தென்கரையிலுள்ள வென்னப்புவ, மாரவிலப் பகுதிகளிலிருந்து இத்தாலிக்குத் தொழில் தேடிச் சென்றோரின் தொகையோ, அப்பகுதிக்குக் 'குட்டி இத்தாலி' என்னும் பெயரையே ஈட்டிக்கொடுத்தது. ஒரே மாவட்டம் ஒரு கரையில் வந்தோரை ஏற்கின்றது, மறுகரையில் தன் மக்களை அனுப்புகின்றது. ஏற்பவர், ஏற்கப்படுபவர் என்பன நிலையான மனித வகைகளல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இக்கடற்பகுதி இன்னொரு வகையிலும் கொள்கையின் களமாயிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியபின், தென்னிந்தியாவிலிருந்து ஒப்புதலின்றி வருவோரைத் தடுப்பதற்கென 1952இல் வடமேற்குக் கரையோரத்தில் 'மொன்ரி நடவடிக்கை' என்னும் பெயரிற் படைநடவடிக்கை தொடங்கப்பட்டது. 1963இல் இதற்கெனத் தனிப்படையணியும் அமைக்கப்பட்டது. 'கள்ளத்தோணி' என்னும் சொல் அக்காலத்தில் அரசியலரங்கிற் பெருவழக்குப் பெற்றது. தோணியில் வந்திறங்கியோரை மட்டுமன்றித் தலைமுறைகளாகத் தோட்டங்களில் உழைத்துவந்தோரையும் அச்சொல் இழிவுபடுத்தியது. சட்டம் ஒரு வகுப்பினரை ஐயத்துக்குரியோராக்க, அவ்வையத்துக்கு மக்கள் வழக்கு ஒரு பெயர் சூட்டிற்று. பின்னர் அப்பெயரே மேலும் கடுமையான சட்டத்துக்கு நியாயமாயிற்று. கொள்கையும் மனப்பாங்கும் ஒன்றையொன்று ஈன்றெடுக்கும் இயங்கியலை இங்கு நாம் முதலிற் காண்கிறோம்.

3. 1990 ஒக்டோபர்

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத நடுப்பகுதியிற் சாவகச்சேரியில் தொடங்கி, வன்னி, மன்னார்ப் பகுதிகளூடாக, அம்மாதம் 30ஆம் நாள் யாழ்ப்பாண நகரை எட்டிய நிகழ்வு, வடமாகாண முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் முற்றாக வெளியேற்றிய நிகழ்வாகும். யாழ்ப்பாணத்தில், ஒஸ்மானியாக் கல்லூரி அருகிலுள்ள ஜின்னா மைதானத்துக்கு மக்கள் அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துள் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். பணமும் நகையும் வீட்டுப்பொருளும் பறிக்கப்பட்டன. மன்னார்த் தீவினர் தோணிகளிலேறிக் கடல்வழியே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். ஏனையோர் கால்நடையாகவும் வாகனங்களிலும் தெற்கே வந்தனர். ஏறத்தாழ 75,000 மக்கள் இவ்வாறு வேரறுக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலேயே தங்கினர். கற்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு என்னும் நான்கு பிரதேசங்களில் அவர்தம் குடியிருப்புகள் அமைந்தன.

அந்நாள்களிற் கரையோரத்து மக்கள் நடந்துகொண்ட முறை போற்றத்தக்கது. அரச இயந்திரம் அசையுமுன்னரே பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. வீடுகளிற் சமைத்த உணவு வந்தோர்க்குப் பகிரப்பட்டது. தென்னந்தோட்ட உரிமையாளர் பலர் தம் காணிகளிற் கிடுகுக் கொட்டில்கள் அமைக்க இடமளித்தனர். ஆலங்குடா, தில்லையடி போன்ற இடங்களில் எழுந்த குடியிருப்புகள் இவ்வாறு தோன்றியவையே. அக்காலத்து மனப்பாங்கு யாது என எவரேனும் அளந்திருப்பின், உலகின் எப்பகுதியிலும் காண்டற்கரிய வரவேற்பையே அவர் பதிவுசெய்திருப்பர்.

4. வரவேற்பு திரிந்த வகை

ஆண்டுகள் செல்ல, அதே மக்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. 'அகதிகளால் எமக்கு இடமில்லாமற் போயிற்று' என்னும் பேச்சு பிறந்தது. வந்தோரும் தம்மை இழிவாக நடத்துகின்றனர் என வருந்தினர். இம்மாற்றத்தை நெருங்கி ஆராய்ந்தோருள் இருவரை இங்குக் குறிப்பிடல் தகும். பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற்றுறைப் பேராசிரியராக விளங்கி 2018இல் மறைந்த ச. ஹ. ஹஸ்புல்லாஹ் மன்னாரைச் சேர்ந்தவர். தம் சமூகம் வெளியேற்றப்பட்ட வரலாற்றைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு ஆவணப்படுத்தியவர். மற்றவர் நோர்வேப் புவியியலறிஞர் கத்ரின் புருண். இவர் புத்தளத்தில் வந்தோருக்கும் உள்ளூராருக்குமிடையிலான உறவைக் களத்தில் நின்று ஆராய்ந்து 2008இல் நூலாக்கினார். இத்தகைய ஆய்வுகளின் வெளிச்சத்திற் பார்க்கும்போது, திரிபு மனத்திலிருந்து தொடங்கவில்லை, பங்கீட்டிலிருந்து தொடங்கியது என்பது தெளிவாகின்றது.

முதலாவது, கூலி. கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்றரையில் வெங்காயம், மிளகாய், புகையிலை முதலியவற்றின் பயிர்ச்செய்கை கூலியுழைப்பை வேண்டிநிற்பது. மன்னாரில் வயலுக்கும் வலைக்கும் உரியோராயிருந்தோரும், யாழ்ப்பாணத்தில் வணிகமும் தையலும் செய்தோரும் இங்கு நாட்கூலிகளாயினர். நிவாரண உணவு கிடைத்தமையாற் குறைந்த கூலிக்கும் உழைக்க அவர்களால் இயன்றது. வேறு வழியின்மையால் உழைக்க வேண்டியும் இருந்தது. இதனாற் பயனடைந்தோர் தோட்ட முதலாளிகள். பாதிக்கப்பட்டோர் உள்ளூர்க் கூலியுழைப்பாளர். ஆயின் உள்ளூர்க் கூலியாளின் கண்ணுக்குத் தெரிந்த எதிரி, கூலியைக் குறைத்த முதலாளியல்லன். குறைந்த கூலிக்கு வந்து நின்ற அகதியே.

1870ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் நியூயோர்க்கிலிருந்த மேயர், வோக்ற் ஆகிய தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஆங்கிலத் தொழிலாளிக்கும் அயர்லாந்துத் தொழிலாளிக்குமிடையே நிலவிய பகைமையை மார்க்ஸ் ஆராய்ந்தார். தன் வாழ்க்கைத் தரத்தைத் தாழ்த்தும் போட்டியாளனாக அயர்லாந்தவனை ஆங்கிலத் தொழிலாளி வெறுக்கிறான் என்றும், அவ்வெறுப்பைப் பத்திரிகையும் பிரசங்கமேடையும் ஆளும் வர்க்கத்தின் பிற சாதனங்களும் பேணி வளர்க்கின்றன என்றும், ஆங்கிலத் தொழிலாள வர்க்கத்தின் வலுவின்மைக்கு அதுவே மறைபொருள் என்றும் அவர் காட்டினார். ஆங்குச் சமய வேறுபாடு இருந்தது. புத்தளத்தில் அதுவும் இல்லை. ஆயினும் இயங்குமுறை ஒன்றே.

இரண்டாவது, பொதுச் சேவை. குடாநாட்டின் நிலத்தடியில் நன்னீர் மென்படையாக உவர்நீரின்மேல் மிதப்பது. மிகையாக இறைத்தால் உவராகும். வகுப்பறைகள், மருத்துவமனைக் கட்டில்கள், கிணறுகள் யாவும் முன்னிருந்த மக்கட்டொகைக்கே போதாதவையாயிருந்தன. வந்தோரின் தொகைக்கேற்ப இவை விரிக்கப்படவில்லை. பல்கலைக்கழக அனுமதியிலும் இச்சிக்கல் தோன்றிற்று. இந்நாட்டில் அனுமதி இடங்களிற் பெரும்பகுதி மாவட்ட ஒதுக்கீட்டின்படி பங்கிடப்படுவது. புத்தளம் கல்வியிற் பின்தங்கியதாகக் கணிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. வடக்கின் கல்வி மரபோடு வந்த மாணவர் அதே ஒதுக்கீட்டுக்குள் போட்டியிட்டபோது, தம் பிள்ளைகளின் இடம் பறிபோகின்றது என உள்ளூர்ப் பெற்றோர் கருதினர். இவ்வெண்ணம் பொய்யென்று தள்ளத்தக்கதன்று; பங்கிடும் முறையை மாற்றாது மக்களை மட்டும் கூட்டிய ஏற்பாட்டின் நேரடி விளைவு அது.

மூன்றாவது, நிவாரணம். முகாமிலிருந்தோர்க்கு உலர் உணவுப் பங்கீடு வந்தது. முகாம் வேலிக்கு வெளியே, அதேயளவு வறுமையில் வாடிய உள்ளூர்க் குடும்பத்துக்கு அது வரவில்லை. வறியோரை வறியோர் என்று காணாமல், இடம்பெயர்ந்தோர், இடம்பெயராதோர் என்று மட்டும் காணும் பட்டியல், அயலாரை இரு வகுப்பாராகப் பிரித்தது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். எல்லாவற்றையும் கூலிக்கும் காணிக்கும் சுருக்கிவிடுதல் எமது நோக்கமன்று. பேச்சுநடை, கல்விப் பெருமை, பெண்களின் நடமாட்டம் ஆகியவை பற்றிய ஏளனங்கள் இருபுறத்தும் எழுந்தன; திருமண உறவுகளும் நட்புகளும் இருபுறத்தும் மலர்ந்தன. எனினும் ஏளனம் எப்பொழுது குற்றச்சாட்டாக மாறுகின்றது என்பதைத் தீர்மானித்தது பங்கீடே. மேலும் 'உள்ளூரார்' என்பதும் ஒரே மனமுடைய பிண்டமன்று. மலிந்த உழைப்பைப் பெற்றவர், காணியை விற்று விலை பெற்றவர், புதிய வாடிக்கையாளரைப் பெற்ற கடைக்காரர், கூலியை இழந்தவர் ஆகிய யாவரும் அதனுள் அடங்குவர். இவர்களனைவரின் விடைகளையும் கூட்டிச் சராசரி காணும் அளவீடு, எவருடைய மனத்தையும் காட்டாது.

5. கொள்கை ஆக்கிய வகைகள்

அரசின் கொள்கை என்பது இக்காலம் முழுவதும் பெரும்பாலும் 'தற்காலிகம்' என்னும் ஒரு சொல்லிலேயே தங்கியிருந்தது. வந்தோர் திரும்பிச் செல்வர், ஆதலால் நிலையான முதலீடு வேண்டாம் என்பது அதன் தருக்கம். தற்காலிகம் இருபது ஆண்டுகளாக நீடித்தது. செலவை அரசு தவிர்த்தது. தவிர்க்கப்பட்ட செலவை உள்ளூர் வறியோரும் வந்த வறியோரும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர்.

வாக்குரிமையிலும் இதே இரட்டைநிலை காணப்பட்டது. வடக்கிற் பதிவைத் தொடர்ந்தால் புத்தளத்தின் சபைகளில் அவர்களுக்குக் குரலில்லை. 'எம் ஊரிலிருந்து கொண்டு வேறிடத்துக்கு வாக்களிக்கின்றனர்' என்னும் பழி வந்தது. புத்தளத்திற் பதிந்தால் வடக்கிலுள்ள காணிக்கும் உரிமைக்குமான பிடி தளரும் என்னும் அச்சம் வந்தது. 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கத் தேருநர் பதிவு (விசேட ஏற்பாடுகள்) சட்டம், இடம்பெயர்ந்தோர் தம் பழைய தேர்தல் மாவட்டத்திற் பதிந்துகொள்ள வழிசெய்தது. ஆயின் 2019 நவம்பர் 16ஆம் நாள், சனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் பயணஞ்செய்தோரின் பேருந்துத் தொடர்மீது தந்திரிமலைப் பகுதியிற் கல்லெறியப்பட்டது. துப்பாக்கிப் பிரயோகமும் நிகழ்ந்தது. முப்பதாண்டுகளின் பின்னும் வாக்களிக்க வேறொரு மாவட்டத்துக்குப் பயணப்பட வேண்டிய ஏற்பாடே, அவ்வாபத்துக்கான சாலையையும் அமைத்துக் கொடுத்தது.

2009இல் போர் முடிந்தபின் மற்றொரு வகைப்பாடு நடைமுறைக்கு வந்தது. 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தோர் 'பழையோர்', பின் இடம்பெயர்ந்தோர் 'புதியோர்' எனப்பட்டனர். உதவிகளிற் புதியோருக்கே முதன்மை தரப்பட்டது. இறுதிப்போரின் கொடுமைக்குட்பட்ட தமிழ் மக்களுக்கு அவ்வுதவி இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயின் பதினெட்டு ஆண்டுகள் முன்னதாகத் துன்புற்றோர் அக்காரணத்தாலேயே பின்வரிசைக்குத் தள்ளப்பட்டனர். துன்பத்தின் வயது உரிமையைக் குறைக்கும் விந்தையை இப்பெயரீடு செய்தது.

மீள்குடியேற்றத்தின் கதையும் இத்தகையதே. முசலிப் பகுதியில் மக்கள் இல்லாத இருபதாண்டுகளில் ஊர்களைக் காடு மூடிற்று. 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகளின் நிலங்கள் வன ஒதுக்கமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2017இல் மாவில்லு வனப் பாதுகாப்புப் பிரதேசம் 40,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பில் அறிவிக்கப்பட்டது. திரும்பிய மக்கள் வில்பத்துக் காட்டை அழிப்போர் என நாடெங்கும் தூற்றப்பட்டனர். கல்லாற்றுப் பகுதியிற் காடு வெட்டப்பட்டமை சட்டத்துக்கு மாறானது என 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் உண்மை. காட்டைக் காத்தலும் வேண்டும், திரும்புவோர்க்கு நிலமும் வேண்டும். இவ்விரண்டையும் திட்டமிட்டு இணைக்க வேண்டிய பொறுப்பு கைவிடப்பட்டபோது, அதன் பழி மக்களின் தலையில் விழுந்தது. புத்தளத்தில் 'போகாதவர்' என்றும், முசலியில் 'வந்து புகுந்தவர்' என்றும் அதே மனிதர் இருமுறை பிறராக்கப்பட்டனர்.

எல்லா ஏற்பாடுகளும் பகையையே வளர்த்தன எனல் பொருந்தாது. 2007இல் உலக வங்கியின் 3 கோடி 20 இலட்சம் டொலர் நிதியோடு தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டம், இடம்பெயர்ந்தோருக்கு நிலையான வீடும் நீரும் சுகாதார வசதியும் அமைப்பதோடு, முகாம் சூழலில் வாழ்ந்த இடம்பெயராத வறிய குடும்பங்களையும் தன்னுள் ஏற்றது. நிதியுதவியின் அரசியல் பற்றி எமக்கு மயக்கமில்லை. வீடு பெறுவது திரும்பும் உரிமையைக் கைவிடுவதாகுமோ என அஞ்சியோரும் இருந்தனர். எனினும் வந்தோர், இருந்தோர் என்னும் பட்டியலைக் கடந்து வீடற்றோர் என்னும் பட்டியலை நோக்கி ஓரடி எடுத்துவைத்த ஏற்பாடு அது. வறியோரை ஒரே வரிசையில் நிறுத்தும் கொள்கை ஆல்போர்ட் கூறிய சமநிலைக்கு அண்மையது. இருவரிசையாக்கும் கொள்கை அதற்குச் சேய்மையது.

கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு தன் 2011ஆம் ஆண்டு அறிக்கையில், வடக்கு முஸ்லிம்கள் பற்றி அரசுக்கு ஒரே சீரான கொள்கை வேண்டும் என விதந்துரைத்தது. முரண்பாட்டால் இடம்பெயர்ந்தோருக்கான நிலையான தீர்வுகள் பற்றிய தேசியக் கொள்கை 2016இலேயே ஏற்கப்பட்டது. வெளியேற்றம் நிகழ்ந்து அப்போது இருபத்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன. அவ்விருபத்தாறு ஆண்டுகளில் உருவான மனப்பாங்கை 'மக்களின் இயல்பு' எனக் கொள்வது ஆய்வாகாது.

6. குறுநெறி எவ்வாறு அமைதல் வேண்டும்

மேற்கூறியவற்றை மனத்திற்கொண்டு நோக்கின், இப்பொருள் பற்றிய குறுங்காலப் பயிற்சிநெறி மூன்று செயல்களையேனும் கற்போரைக் கொண்டு செய்வித்தல் வேண்டும்.

முதலாவது, பங்கீட்டுப் பட்டியல். கற்போர் ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவை எடுத்துக்கொண்டு, அங்கு நீர், கூலி, வகுப்பறை, காணி, நிவாரணம், வாக்கு ஆகியன யாரால், யாருக்கு, எந்த அளவிற் பங்கிடப்படுகின்றன எனக் கணக்கிடுதல் வேண்டும். இக்கணக்கு முடியுமுன் மனப்பாங்கு பற்றிய ஒரு வினாவும் கேட்கப்படலாகாது.

இரண்டாவது, வினாவின் ஆய்வு. 'வடக்கிலிருந்து வந்தோர் இங்கேயே நிலையாகத் தங்கலாமா?' என்பது ஒரு வினா. 'வந்தோர் பிள்ளைகளுக்கும் இவ்வூர்ப் பிள்ளைகளுக்குமாக இப்பாடசாலைக்கு மேலும் இரண்டு கட்டடங்கள் கட்டுவதை ஏற்பீர்களா?' என்பது மற்றொரு வினா. முதல் வினா இருப்பதை இருவர் பங்கிடுமாறு கேட்கின்றது. இரண்டாவது வினா இல்லாததை இருவருக்குமாக ஆக்கலாமா எனக் கேட்கின்றது. முதல் வினாவை மட்டும் கேட்டு, வந்த விடையை மக்களின் எதிர்ப்பு எனக் கொள்கை வகுப்போனிடம் கொடுப்பவர், எதிர்ப்பை அளப்பவரல்லர், ஆக்குபவர்.

மூன்றாவது, சொற்களின் ஆய்வு. இதிலே தமிழ் கற்றோருக்குத் தனிப்பொறுப்பு உண்டு. அகதி என்பது கதியற்றவர் எனப் பொருள்படுவது. அச்சொல்லாற் குறிக்கப்பட்டோருக்குத் தொழிலும் கல்வியும் ஊர்ப்பெருமையும் இருந்தன என்பதை அச்சொல்லே மறைக்கின்றது. 'வந்தான் வரத்தான்', 'கள்ளத்தோணி', 'பழையோர்', 'புதியோர்' என்னும் சொற்கள் ஒவ்வொன்றையும் யார் வழங்கினர், யாருடைய வசதிக்காக வழங்கினர் என்று கற்போர் ஆராய்தல் வேண்டும். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசுவோர் தம் நாட்டை விட்டுவந்து கலந்து இனிது உறைந்தனர் என்பதைப் பெருமையோடு எடுத்துரைக்கிறோம். அவர்கள் பெருஞ்செல்வ வணிகத்தோடு இணைந்தவர் என்பதை அப்போது மறந்துவிடுகிறோம். வணிகனுக்குத் திறக்கும் கதவு கூலிக்குத் திறப்பதில்லை என்பது பண்டை நகருக்கும் இன்றைய நகருக்கும் பொது.

முடிவுரை

'புலம்பெயர்ந்தோர்' என்னும் சொல் அவ்விலக்கிய மரபின் வழியே இன்று ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் ஈழத்தமிழரைக் குறிக்க வழங்குகின்றது. அச்சொல்லில் மதிப்பு உண்டு. 1990இல் இரண்டு மணி நேரத்துள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுப் புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் வாழ்ந்த தமிழ்பேசும் மக்களுக்கு நாம் அச்சொல்லை வழங்கவில்லை. பாரிசிலும் இலண்டனிலும் தம்மை நோக்கி எழும் வெறுப்பை எம்மவர் நன்கறிவர். அதற்கெதிரான நியாயங்களையும் அறிவர். அதே நியாயங்கள் புத்தளக் கரைக்கும் பொருந்தும் என்பதைச் சொல்லும் குரல்கள் எம்மிடையே மிகச் சிலவாகவே இருந்தன. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு (யாழ்ப்பாணம்) அந்நாளிலேயே வெளியேற்றத்தைக் கண்டித்து எழுதியமை அச்சிலவற்றுள் ஒன்று. 2002 ஏப்ரலில் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் மீள்குடியேற்றம் பற்றி உடன்பாடு கண்டபோதும், அது பெரும்பாலும் தலைவர்களின் உடன்பாடாகவே நின்றது. தமிழ்ச் சமூகத்தின் பரவலான தன்னாய்வாக விரியவில்லை.

ஆதலால் இக்கட்டுரையில் 'பொதுமக்கள் மனப்பாங்கு' என நாம் கூறியது புத்தளத்து உள்ளூராரின் மனப்பாங்கை மட்டும் குறித்ததன்று. அவர்கள் உண்ண உணவும் உறங்க இடமும் கொடுத்தபின் முணுமுணுத்தோர். எம் பெயரால் அம்மக்கள் துரத்தப்பட்டபோது நாம் வாய் திறவாதிருந்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட பின்னும், திரும்பி வரும் யாழ்ப்பாண முஸ்லிம் குடும்பத்துக்கு வாடகை வீடும் கடையும் பாடசாலை இடமும் எளிதிற் கிடைக்கின்றனவா என்னும் வினாவுக்கு விடைகூற வேண்டியோர் நாமே. மனப்பாங்கு கொள்கையினால் ஆக்கப்படுவது என்றோம். அவ்வுண்மை எம்மைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை. ஆக்கப்பட்டது மாற்றப்படவும் கூடும் என்பதே அதன் பொருள். பயிற்சிநெறி எதுவாயினும் அது தொடங்க வேண்டிய இடம் கற்போரின் சொந்த ஊர். தமிழ் கற்போராகிய எமக்கு அது எம்மிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.